பிரிவு 504 உள்ளிருப்புப் போராட்டம், 1977

பிரிவு 504 உள்ளிருப்புப் போராட்டம் என்பது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1977 ஏப்ரல் 5 முதல் 30 வரை மாற்றுத்திறனாளிகள் நடத்திய அறப்போராட்டமாகும். அமெரிக்க நாடாளுமன்றம் 1973இல் நிறைவேற்றிய ஒரு சட்டப் பிரிவுக்கு நடைமுறை விதிகளை வெளியிட வேண்டும் என்பதே அவர்களின் ஒரே கோரிக்கை. சக்கர நாற்காலியில் வந்தோர், பார்வையற்றோர், காது கேளாதோர், அறிவுசார் குறைபாடு உடையோர் என நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசுக் கட்டடம் ஒன்றின் நான்காம் தளத்தில் இரவும் பகலும் தங்கினர். அந்நாட்டின் கூட்டாட்சி அரசுக் கட்டடம் ஒன்றில் நடந்த மிக நீண்ட அமைதிவழி உள்ளிருப்பாக இது கருதப்படுகிறது.

பொதுக் கட்டட வாசலில் சாய்தளம் அமைப்பதும், பணியிடத்தில் ஊழியரின் உடல்நிலைக்கு ஏற்ற மாறுதல்களைச் செய்து தருவதும் ஒரு காலத்தில் நல்லெண்ணத்தின்பாற்பட்ட உதவிகளாகவே இருந்தன. அவை சட்டக் கடமைகளாக மாறிய வரலாற்றில் இப்போராட்டம் ஒரு திருப்புமுனை. ஒரு சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கும் இது நல்ல பாடம்.

பின்னணி: ஆசிரியர் பணி மறுக்கப்பட்ட பெண்

போராட்டத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரான ஜூடித் ஹியூமன் 1947 டிசம்பர் 18 அன்று பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் நடக்கும் ஆற்றலை இழந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த அவரை, ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கத் தாய் அழைத்துச் சென்றபோது தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை தீ விபத்தின்போது ஆபத்தாக முடியும் என்பது அவர் சொன்ன காரணம். அதன்பின் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்து வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டும் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது வயதில்தான் ஜூடித்துக்குப் பள்ளி கிடைத்தது. அதுவும் உடற்குறை உள்ள குழந்தைகளுக்கான தனி வகுப்பு.

ஆசிரியராக வேண்டும் என்பது அவரது விருப்பம். பட்டம் பெற்றபின் 1970இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியத்திடம் ஆசிரியர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டார். தீப்பிடித்தால் தம்மையும் மாணவர்களையும் வெளியே கொண்டுவர அவரால் இயலாது என்றது வாரியம். ஐந்து வயதில் பள்ளிக்குள் விடாமல் தடுத்த அதே காரணம், இருபத்திரண்டு வயதில் வேலைக்குள் விடாமலும் தடுத்தது.

ஹியூமன் வழக்குத் தொடுத்தார். இளம்பிள்ளைவாதம் வந்தவர் நாட்டின் குடியரசுத் தலைவராகலாம், ஆனால் ஆசிரியராக முடியாதா என்று நாளிதழ்கள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சுட்டிக்காட்டி எழுதின. வழக்கு நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம் வந்தது. அவர் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பல வழக்குகளை வாதாடியவர். வாரியம் இறங்கிவந்து உரிமம் வழங்கியது. தாம் படித்த தொடக்கப் பள்ளியிலேயே ஹியூமன் ஆசிரியராகப் பணியாற்றினார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹியூமன் பாடம் நடத்தத் தகுதியற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. தடையாக இருந்தது கட்டடம். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தைக் கட்டியவர்களின் குறை, அதில் ஏற முடியாதவரின் குறையாக எழுதப்பட்டது. பிற்காலத்தில் மாற்றுத்திறனாளிகள் இயக்கம் முன்வைத்த அடிப்படைக் கருத்து இதுதான்: உடல்நிலை மட்டும் ஒருவரைச் செயலிழக்கச் செய்வதில்லை, அதைக் கணக்கில் கொள்ளாமல் அமைக்கப்பட்ட சூழலே பெரிதும் செயலிழக்கச் செய்கிறது.

பெர்க்லி நகரமும் நடைபாதை விளிம்பும்

இக்கருத்து இயக்கமாக உருவெடுத்த இடம் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். பதினான்கு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரவில் 'இரும்பு நுரையீரல்' என்னும் பெரிய சுவாசக் கருவிக்குள் படுத்துத்தான் அவரால் உறங்க முடியும். அந்தக் கருவியைத் தாங்கும் விடுதி அறை இல்லாததால், வளாகத்தில் இருந்த மருத்துவமனையின் ஒரு பகுதியே அவரது விடுதியானது. அவரைத் தொடர்ந்து மேலும் சில மாணவர்கள் வந்தனர். 1972இல் இவர்கள் தொடங்கிய 'தற்சார்பு வாழ்க்கை மையம்' மாற்றுத்திறனாளிகளாலேயே நடத்தப்பட்டது. உதவியாளர், வீடு, சக்கர நாற்காலிப் பழுதுபார்ப்பு, சட்ட ஆலோசனை ஆகியவற்றை அது ஏற்பாடு செய்தது.

ராபர்ட்ஸ் வேலை செய்ய இயலாத அளவுக்குக் கடும் ஊனமுற்றவர் என்று ஒருமுறை அவருக்கு உதவி மறுத்தது கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை. 1975இல் அதே துறைக்கு இயக்குநராக அவரை ஆளுநர் ஜெரி பிரவுன் நியமித்தார்.

மாணவர்கள் நகரமன்றத்திடம் கேட்டவற்றுள் ஒன்று, நடைபாதையின் விளிம்பைச் சரிவாக்குவது. சாலையிலிருந்து நடைபாதை ஏறக்குறைய 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். நடப்பவருக்கு அது ஓர் எட்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது சுவர். 1961இல் வெளியான அமெரிக்கத் தரநிலை, சாய்தளத்தின் உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும் என்று வகுத்திருந்தது. அதாவது 15 செ.மீ. ஏறுவதற்கு 180 செ.மீ. நீளச் சரிவு. இன்றும் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இதே விகிதம் பின்பற்றப்படுகிறது. பெர்க்லி நகரமன்றம் 1971இல் இதற்கு இசைந்தது.

சரிவுகள் வந்தபின், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய்மாரும், சரக்கு வண்டி தள்ளுவோரும், முதியோரும் அவற்றையே பயன்படுத்தினர். சிலருக்காகச் செய்யும் வசதி பலருக்கும் பயன்படுவதை 'நடைபாதைச் சரிவு விளைவு' என்று பின்னாளில் அழைத்தனர். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பார்வையற்றோர் கைத்தடியால் நடைபாதை விளிம்பைத் தட்டித்தான் சாலை தொடங்கும் இடத்தை அறிந்தனர். விளிம்பு சரிவானதும் அந்த அடையாளம் மறைந்தது. காலாலும் கைத்தடியாலும் உணரக்கூடிய புடைப்புப் பரப்பைச் சரிவில் சேர்ப்பது இதற்குத் தீர்வாயிற்று. ஒருவகைக் குறைபாட்டை மட்டும் எண்ணிச் செய்யும் வடிவமைப்பு மற்றொருவருக்குத் தடையாகலாம் என்பதை இந்த அனுபவம் காட்டியது.

ஒரு வாக்கியச் சட்டம்

1973 செப்டம்பர் 26 அன்று குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் மறுவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் அதன் இரண்டு வடிவங்களைச் செலவைக் காரணம் காட்டித் தடுத்திருந்தார். அச்சட்டத்தின் இறுதியில் இருந்தது பிரிவு 504. ஒரே வாக்கியம். தகுதியுள்ள எவரையும் அவரது ஊனம் ஒன்றையே காரணமாகக் கொண்டு, கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும் விலக்கக் கூடாது, பயனை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் பொருள். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த பிரிவின் சொற்களை ஒட்டி இது எழுதப்பட்டது.

நாடாளுமன்றத்தில் இப்பிரிவைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதன் வீச்சு பெரிது. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நூலகங்கள், போக்குவரத்து நிறுவனங்கள் எனக் கூட்டாட்சி அரசின் பணம் சென்ற இடமெல்லாம் அது சென்றது.

இருப்பினும் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையும் தன் வாசலை மாற்றாது. யார் மாற்றுத்திறனாளி, எது பாகுபாடு, பழைய கட்டடத்தை எத்தனை ஆண்டுக்குள் மாற்ற வேண்டும், மீறினால் எங்கே முறையிடுவது என்பவற்றைச் சொல்லும் விதிகள் வேண்டும். அவற்றை வகுக்கும் பொறுப்பு சுகாதாரம், கல்வி, நலத்துறையிடம் இருந்தது. விதிகள் வரைவு நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தன. செலவு அதிகம் என்று பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. 1976இல் நீதிமன்றம் விதிகளை வெளியிடும்படி உத்தரவிட்டது. அப்போதைய துறைச் செயலர் டேவிட் மேத்யூஸ் கையெழுத்திடாமலே பதவியை விட்டுச் சென்றார்.

1977 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் குடியரசுத் தலைவரானார். புதிய துறைச் செயலர் ஜோசப் கலிபானோ, விதிகளை மீண்டும் ஆராய வேண்டும் என்றார். ஆராய்ச்சி என்ற பெயரில் விதிகள் நீர்த்துப்போகும் என மாற்றுத்திறனாளிகள் அஞ்சினர். பிராங்க் போவ் தலைமையிலான அமெரிக்க மாற்றுத்திறனாளிக் குடிமக்கள் கூட்டமைப்பு, ஏப்ரல் 4க்குள் கையெழுத்தாகாவிட்டால் மறுநாள் நாடெங்கும் துறையின் அலுவலகங்களில் உள்ளிருப்பு நடக்கும் என அறிவித்தது.

ஏப்ரல் 5: கட்டடத்துக்குள்

குறித்த நாளில் வாஷிங்டனிலும் பிற நகரங்களில் இருந்த வட்டார அலுவலகங்களிலும் போராட்டம் தொடங்கியது. வாஷிங்டனில் உணவு உள்ளே செல்லத் தடை விதிக்கப்பட்டது. அங்கிருந்தோர் ஏறக்குறைய ஒரு நாளில் வெளியேற நேர்ந்தது. பிற நகரங்களிலும் போராட்டம் நீடிக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நீடித்தது.

அதற்குக் காரணம் முன்னேற்பாடு. தசைச்சிதைவு நோயுடன் வாழ்ந்த கிட்டி கோன் என்ற பெண்மணி அனுபவம் மிக்க அமைப்பாளர். தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், குடியுரிமை அமைப்புகள் ஆகியவற்றின் ஆதரவை அவரும் தோழர்களும் முன்கூட்டியே திரட்டியிருந்தனர். வெளியே பொதுக்கூட்டம் முடிந்ததும் மக்கள் கட்டடத்துக்குள் நுழைந்து நான்காம் தளத்தில் இருந்த வட்டார இயக்குநரின் அலுவலகத்துக்குச் சென்றனர். விதிகளின் நிலை என்ன என்று கேட்டனர். பிரிவு 504 பற்றி அந்த அதிகாரிக்கு ஏதும் சொல்லத் தெரியவில்லை. பதில் வரும்வரை போவதில்லை என்று அமர்ந்துவிட்டனர்.

இருபத்தைந்து இரவுகள்

உள்ளே தங்கியோர் பலருக்கு அது வெறும் அசௌகரியம் அல்ல; உயிருக்கே ஆபத்து. உடல் முழுதும் செயலிழந்தவரை இரவில் சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். பலர் மாற்று உடையோ மருந்தோ உதவியாளரோ இல்லாமல் வந்திருந்தனர். கைகால் இயங்கியவர்கள் மற்றவர்களைத் தூக்கினர், புரட்டினர், ஊட்டினர். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காகக் குளிரூட்டியின் மீது ஒரு பெட்டியை ஒட்டிக் குளிர்பெட்டி செய்துகொண்டனர்.

தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதோர் சன்னல் அருகே நின்று வெளியில் இருந்தோருடன் சைகை மொழியில் பேசினர். கண்ணாடிக்கு அப்பால் நின்றாலும் அந்தப் பேச்சைத் தடுக்க முடியவில்லை. முடிவுகளை எல்லோரும் சேர்ந்தே எடுத்தனர். சைகை மொழிபெயர்ப்பாளர் வந்து அமரும்வரை கூட்டம் தொடங்காது. பேச்சுக் குறைபாடு உள்ளவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பர். வெளி உலகிடம் அவர்கள் கேட்டது எதுவோ, அதை முதலில் தங்களுக்குள் கடைப்பிடித்தனர்.

வெளியிலிருந்து வந்த உதவி இல்லாமல் இது நீடித்திருக்காது. பிளாக் பாந்தர் என்னும் கறுப்பின மக்கள் கட்சி நாள்தோறும் சுடுசோறு சமைத்துக் கொண்டுவந்தது. அக்கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவரும் அவருடைய உதவியாளர் சக் ஜாக்சனும் போராட்டத்தில் உள்ளேயே இருந்தனர். நகரத் தந்தை ஜார்ஜ் மாஸ்கோன் மெத்தைகள் கிடைக்க வழிசெய்தார். தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் பொருள் கொடுத்தன.

'தனியே, ஆனால் சமமாக'

ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிலிப் பர்ட்டன், ஜார்ஜ் மில்லர் இருவரும் அந்த நான்காம் தளத்திலேயே ஒரு விசாரணை நடத்தினர். துறையின் சார்பில் ஜீன் ஐடன்பெர்க் என்ற அதிகாரி வந்தார். விதிகளில் செய்ய எண்ணும் மாற்றங்களின் பட்டியலை அவர் படித்தார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தனியே, ஆனால் சமமான வசதி என்பதும் அவற்றுள் ஒன்று.

இச்சொற்கள் அமெரிக்க வரலாற்றில் தழும்பேறியவை. கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்லப்பட்ட நியாயம் அது. 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் அது செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. அதே சொற்கள் இப்போது தங்களுக்காகத் திரும்பி வருவதைக் கண்டு அவையில் இருந்தோர் கொதித்தனர். ஹியூமன் பேசும்போது குரல் நடுங்கியது. பிரித்து வைப்பதை இனி ஏற்க மாட்டோம் என்றார். எதிரே தலையசைத்துக்கொண்டிருந்த அதிகாரியிடம், நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஆகவே ஒப்புக்கொள்வதுபோல் தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு கட்டத்தில் அந்த அதிகாரி எழுந்து பக்கத்து அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்ள, பர்ட்டன் பின்னாலேயே சென்று வெளியே வந்து கேட்கும்படி சத்தமிட்டார்.

தனிப் பள்ளி, தனி வண்டி, பின்வாசல் வழி என்பவை மாற்றுத்திறனாளிகளுக்கு இரக்கத்தோடு தரப்பட்டவைதான். அவற்றை ஏற்க மறுத்ததில்தான் இப்போராட்டத்தின் உயிர்நாடி இருக்கிறது. அவர்கள் கூடுதல் சலுகையைக் கேட்கவில்லை. எல்லோரும் நுழையும் வாசலையே கேட்டனர்.

தலைநகரில் கையெழுத்து

போராட்டத்தின் மூன்றாவது வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் கொண்ட குழு வாஷிங்டனுக்குப் பறந்தது. அங்கே சக்கர நாற்காலிகளை ஏற்றும் பேருந்து இல்லை. இயந்திரத் தொழிலாளர் சங்கத்தினர் சரக்கு ஏற்றும் மூடுந்து ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தனர். சன்னல் இல்லாத இருண்ட பெட்டிக்குள் நாற்காலிகளோடு அமர்ந்துதான் போராட்டக்காரர்கள் தலைநகரில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றனர். எந்த விதிகளைக் கேட்டு வந்தார்களோ அவற்றின் தேவையை அந்த வண்டியே எடுத்துச் சொன்னது. செயலர் கலிபானோவின் வீட்டின் முன் மெழுகுவத்தி ஏந்தி இரவில் காத்திருந்தனர்.

1977 ஏப்ரல் 28 அன்று கலிபானோ விதிகளில் கையெழுத்திட்டார். அஞ்சிய மாற்றங்கள் இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளும் அன்றே கையெழுத்தாயின. சான் பிரான்சிஸ்கோவில் உள்ளே இருந்தோர் கட்டடத்தைத் துப்புரவு செய்துவிட்டு, ஏப்ரல் 30 அன்று ஒன்றாக வெளியே வந்தனர்.

விதிகள் சொன்னவை

1977 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளை இரு பகுதிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, கட்டடம். அரசு நிதி பெறும் நிறுவனம் புதிதாகக் கட்டும் எதுவும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் எல்லா அறைகளையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கு நடக்கும் பணி முழுமையாகப் பார்க்கும்போது எல்லோருக்கும் எட்ட வேண்டும். மாடியில் நடக்கும் வகுப்பில் சக்கர நாற்காலி மாணவர் ஒருவர் இருந்தால், வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினாலே போதும். அதற்குச் செலவே இல்லை. கட்டுமான மாறுதல் தவிர்க்க முடியாததானால் மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும். செலவு தாங்காது என்ற வாதத்துக்கு விதிகள் தந்த விடை இது: கட்டும்போதே சேர்த்துவிடு, பழையதில் தேவையானதை மட்டும் மாற்று.

இரண்டாவது, பணியிடம். வேலை தருவதற்கு முன் விண்ணப்பதாரரின் ஊனத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்கலாம். தகுதியுள்ள ஊழியருக்கு நியாயமான இணக்க வசதி செய்து தர வேண்டும். வேலை நேரத்தைச் சிறிது மாற்றுவது, கருவியைத் திருத்தி அமைப்பது, பார்வையற்றவருக்கு வாசிப்பாளரையும் காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரையும் அமர்த்துவது ஆகியவை எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்பட்டன. நிறுவனத்தால் தாங்க முடியாத சுமை என்று நிறுவினால் மட்டுமே விலக்கு. அதை நிறுவும் பொறுப்பு நிறுவனத்துடையது. 1970இல் ஹியூமனைத் தள்ளிய மருத்துவப் பரிசோதனை இவ்விதிகளின்படி நடந்திருக்க முடியாது.

பிந்தைய தாக்கம்

பிரிவு 504 கூட்டாட்சி நிதி பெறாத கடை, உணவகம், தனியார் நிறுவனம் ஆகியவற்றைத் தொடவில்லை. அவற்றையும் உள்ளடக்கிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. அச்சட்டம் நாடாளுமன்றத்தில் தேங்கியிருந்தபோது, மார்ச் 12 அன்று ஏறத்தாழ அறுபது பேர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினர். ஜூலை 26 அன்று சட்டம் கையெழுத்தானது.

இதே காலத்தில் வடிவமைப்புத் துறையிலும் சிந்தனை மாறியது. இளம்பிள்ளைவாதத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்னும் கருத்தை 1980களில் முன்வைத்தார். கட்டி முடித்தபின் சாய்தளம் ஒட்டுவதற்குப் பதிலாக, முதல் வரைபடத்திலேயே எல்லா வகை மனிதர்களையும் எண்ணிப் பார்ப்பது அதன் சாரம்.

ஹியூமன் 1993 முதல் 2001 வரை அமெரிக்கக் கல்வித்துறையின் துணைச் செயலராகவும், பின்னர் உலக வங்கியின் முதல் மாற்றுத்திறன் ஆலோசகராகவும் பணியாற்றினார். 2023 மார்ச் 4 அன்று காலமானார்.

இந்தியாவில் இதன் எதிரொலி

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டது. தடையற்ற அணுகல், நியாயமான இணக்க வசதி ஆகிய இரண்டும் அதில் நாடுகளின் கடமைகளாயின. இந்தியா 2007 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவோ கையெழுத்திட்டும், 2012இல் மேலவையில் வேண்டிய மூன்றில் இரு பங்கு வாக்கு கிடைக்காததால் இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை.

இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்கச் சொன்னது. ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வரம்பையும் சேர்த்திருந்தது. உடன்படிக்கையை ஒட்டி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அந்த வரம்பு அணுகல் பிரிவுகளிலிருந்து நீங்கியது. ஏற்கப்பட்ட குறைபாடுகள் ஏழிலிருந்து 21 ஆயின. அரசுப் பணி இடஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்ந்தது. இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று காலக்கெடுவும் வைத்தது. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன.

இங்கும் சிக்கல் எழுந்தது விதியில்தான். கட்டாயத் தரநிலைகளை வகுக்கச் சொன்னது சட்டம். விதி 15இன் கீழ் வந்தவையோ பெரும்பாலும் பரிந்துரைகளாக அமைந்த வழிகாட்டு நெறிமுறைகள். பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. விதி 15(1) சட்டத்துக்கு முரணானது, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றது. 'செய்ய வேண்டும்' என்பதற்கும் 'செய்தால் நல்லது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள ஒருவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

மதிப்பீடு

1973இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு வாக்கியம் நான்காண்டுக் காலம் எந்த வாசலையும் திறக்கவில்லை. யாரும் அதை வெளிப்படையாக எதிர்க்கவும் இல்லை. செலவு, மறுஆய்வு, கால அவகாசம் என்ற மென்மையான சொற்களே அதை நிறுத்தி வைத்தன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவையாகத் தோன்றும். அவற்றின் விலையைக் கொடுத்தவர்கள் வாசலுக்கு வெளியே இருந்தவர்கள்.

ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ சாய்தளத்தைக் காணும் மாணவர், அது எங்கே முடிகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லோரும் நுழையும் முன்வாசலில் முடிகிறதா, பின்பக்கக் கிடங்கின் கதவில் முடிகிறதா? அதன் நீளம் உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு இருக்கிறதா, அல்லது ஆய்வுக்குக் காட்டுவதற்காகக் கொட்டிய செங்குத்தான சிமெண்டா? சான் பிரான்சிஸ்கோவின் நான்காம் தளத்தில் இருபத்தைந்து இரவுகள் தரையில் படுத்தவர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். ஓர் அளவுநாடா இருந்தால் இன்றும் எவரும் அதைக் கேட்கலாம்.